காரைக்குடி வெயிலில் பைன் கன்று போன்சாய் ஆகுமா?

‘‘கொடைக்கானல் போயிருந்தபோது ஒரு நர்சரியில் பைன் கன்று வாங்கி வந்தேன். ஒரு சாண் உயரம் இருக்கும். போன்சாய் செய்யும் ஆசையில், வேரைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, ஆழமில்லாத பீங்கான் தட்டில் நட்டு, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். ஒன்றரை மாதம் பச்சையாகத்தான் இருந்தது. இப்போது நுனியிலிருந்து பழுப்பேறி வருகிறது. காப்பாற்ற முடியுமா? காரைக்குடியில் ஊசியிலை மரங்கள் போன்சாயாக வருமா? எங்கள் மகளிர் குழுவில் கடன் எடுத்து, 200 கன்றுகளைத் தட்டுகளில் நட்டு விற்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. செய்யலாமா?’’

- வாசகி, காரைக்குடி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கடனை இப்போது எடுக்க வேண்டாம். கடனுக்கு வட்டி மாதாமாதம் ஏறும். மரத்தின் அடிப்பகுதி வருஷா வருஷம்தான் பெருக்கும். பென்சில் கனத்தில் இருக்கும் கன்றைத் தட்டில் நட்டால் அது போன்சாய் ஆகாது. தட்டில் நட்ட கன்றாகவே இருக்கும். அதை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். விலை பெறும் குட்டை மரம் ஒன்று உருவாக, வேகமாக வளரும் இனத்துக்கே 4 ஆண்டுகளாவது ஆகும். குழுவில் ஆர்வம் இருந்தால் 20 கன்றுகளோடு, கைக்காசில், வீட்டுத் தோட்டத்தில் தொடங்கலாம். அதற்கான வழி கீழே இருக்கிறது.

பழுப்பேறிய பைன் கன்று

பைன் போன்ற ஊசியிலை மரங்களிடம் ஓர் ஏமாற்று குணம் உண்டு. தக்காளிச் செடியின் வேர் செத்தால் அன்று மாலையே இலை தொங்கிவிடும். பைன் ஊசிகள் அப்படியில்லை. மெழுகு பூசிய தடித்த தோல் இருப்பதால், வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ‘ஒன்றரை மாதம் நன்றாகத்தான் இருந்தது’ என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். பழுப்பு வெளியே தெரியும்போது, உள்ளே சேதம் முடிந்து பல நாள்கள் ஆகியிருக்கும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தண்டின் அடியில் நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். தோலுக்குக் கீழே ஈரமாக, பச்சையாக இருந்தால் முயற்சி செய்யலாம். பழுப்பாகக் காய்ந்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். உயிர் இருந்தால், வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கலைக்காமல், ஒரு சாண் ஆழமுள்ள மண்தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வெளியே வைக்கவும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். உரம், கம்பி, கத்தரி மூன்றும் அதன் பக்கம் போகக் கூடாது.

ஒருவேளை பிழைத்தாலும், அந்தக் கன்று காரைக்குடியில் செழிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழக மலைகளில் அதிகம் நடப்பட்ட ‘பட்டுலா’ பைன், மெக்சிகோ நாட்டின் உயரமான மலைப்பகுதியிலிருந்து வந்த மரம். பகலில் வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும் இடம் அது. செட்டிநாட்டில் சித்திரை, வைகாசி இரவுகளும் புழுங்கும். செடிகள் பகலில் சமைத்த மாவுச்சத்தை இரவில் மூச்சுவிடுவதற்குச் செலவழிக்கின்றன. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். வரவை மீறிச் செலவு போகும் குடும்பம் போல, மலைக்கன்று சமவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துப்போகும். தட்டில் நட்டதும், வீட்டுக்குள் வைத்ததும் அதை விரைவுபடுத்தின, அவ்வளவுதான்.

இன்னொன்று. மலைக்குப் போகும்போது காட்டில் தானாக முளைத்த கன்றைப் பிடுங்கி வரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். காப்புக்காட்டில் இருந்து அப்படி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். கன்றை நர்சரியில் வாங்குவதே சரி.

எந்த மரம் பொருந்தும்?

தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் ‘நாகியா’ என்ற மரம். அதன் இலையும் ஊசிபோல இருக்காது; அகலமாக இருக்கும். மற்ற ஊசியிலை மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அவற்றில் சமவெளி வெயிலைத் தாங்குபவை சிலதான்.

துஜா: தோட்டங்களில் விசிறி விசிறியாக நிற்கும் செடி. காரைக்குடி வெயிலைத் தாங்கும். ஆனால், இலைகள் செங்குத்தான தகடுகளாக வளர்வதால் முதிர்ந்த மரத்தின் தோற்றம் வருவது கடினம்.

பொடோகார்பஸ்: அலங்காரச் செடி நர்சரிகளில் கிடைக்கும். வெயிலும் தாங்கும், அரை நிழலும் தாங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வளர்ச்சி மெதுவாக இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது.

ஜூனிபர்: படங்களில் பார்க்கும் போன்சாய்களில் பெரும்பாலானவை இதுதான். பெங்களூரு, ஊட்டி போன்ற இடங்களில் நன்றாக வரும். செட்டிநாட்டுக் கோடையில் சிவப்புச் சிலந்தி தாக்கி வெளுத்துப்போகும். தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம்.

அரௌகேரியா: ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்பது. ஒரே நேர்த்தண்டாக, அடுக்கடுக்காகக் கிளைவிடும். வெட்டினால் உருவம் கெடும். போன்சாய்க்கு உதவாது.

இவை எல்லாவற்றையும்விடக் காரைக்குடிக்குப் பொருத்தமானது, தமிழக விவசாயிகள் அனைவருக்கும் தெரிந்த சவுக்கு. தாவரவியல் கணக்கில் சவுக்கு ஊசியிலை மரமே அல்ல. அது பூக்கும் தாவரம். நாம் ‘ஊசி’ என்று நினைப்பவை உண்மையில் மெல்லிய சிறுகிளைகள். ஒன்றைக் கையில் எடுத்து மெதுவாக இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாக ஒட்டியிருக்கும் செதில்கள்தான் இலைகள். பைன் மரக் கூம்பு போலத் தெரியும் காயும் கூம்பு அல்ல; பல சிறு கனிகள் சேர்ந்த கொத்து. ஆனால் கண்ணுக்குப் பைன் மரமாகவே தெரியும். இந்தோனேசியாவின் மதுரா தீவில் கடலோரச் சவுக்கை ‘செமாரா உடாங்’ என்ற பெயரில் போன்சாய்க்காகவே வளர்க்கிறார்கள். தைவானிலும் சவுக்கு போன்சாய்கள் புகழ் பெற்றவை. இரண்டுமே வெப்பமான பகுதிகள். அங்கே முடிகிறது என்றால் காரைக்குடியிலும் முடியும்.

சவுக்கில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, நாட்டுச் சவுக்கு என்று சொல்லப்படும் கடலோரச் சவுக்கு. இன்னொன்று, ‘ஜுங்குனியானா’ சவுக்கும், அதன் ஒட்டு ரகங்களும். காகித ஆலைகளுக்காக நடப்படுபவை பெரும்பாலும் இரண்டாவது வகை. நேராக, வேகமாக உயரும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. போன்சாய்க்கு வளைவும் நெளிவும் வேண்டும் என்பதால் நாட்டுச் சவுக்குக் கன்றே நல்லது. விதைக் கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நர்சரிப் பாத்தியில் ‘கோணல்’ என்று ஒதுக்கிய கன்றுகளைக் கேட்டு வாங்கலாம். மரத்துக்கு ஆகாதது தட்டுக்கு ஆகும்.

முதலில் தண்டு... கடைசியில்தான் தட்டு!

போன்சாய் என்றால் ஜப்பான் மொழியில் ‘தட்டில் நட்டது’ என்று பொருள். அந்தப் பெயரே பலரைத் தடுமாற வைக்கிறது. தட்டு என்பது கடைசிப் படி. சிறிய தட்டில் வேருக்கு இடமில்லை. வேர் ஓடாவிட்டால் மேலே கிளை ஓடாது. கிளை ஓடாவிட்டால் தண்டு பெருக்காது. ஆகவே, சிறிதாக வைத்திருக்க வேண்டிய மரத்தை முதலில் பெரிதாக வளரவிட வேண்டும். தண்டு பெருத்த பிறகு வெட்டிக் குறைக்க வேண்டும்.

கணக்கு எளிது. மரத்தின் உயரம், அடித்தண்டின் கனத்தைப்போல் சுமார் 6 மடங்கு இருந்தால் பார்வைக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும். ஒரு சாண் உயரத்துக்கு, அதாவது 18 முதல் 20 சென்டிமீட்டருக்குள் மரத்தை முடிக்க வேண்டுமென்றால், அடியில் 3 சென்டிமீட்டர் கனம் வேண்டும். தட்டில் நட்ட கன்று அந்தக் கனத்துக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். நிலத்தில் தண்ணீர் கிடைக்கும் சவுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்.

முதல் ஆண்டு: கன்று நடவு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி மாதம் நடவுக்கு ஏற்றது. ஒரு சாண் முதல் முக்கால் அடிவரை உயரமுள்ள கன்றாக எடுக்க வேண்டும். மண்ணை நீரில் அலசிவிட்டு, நேராக இறங்கும் ஆணிவேரில் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, பக்க வேர்களை விட்டுவைக்க வேண்டும்.

கன்று பென்சிலைவிட மெல்லியதாக இருக்கும் இந்தச் சமயத்தில்தான் தண்டை வளைக்க முடியும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் அலுமினியக் கம்பியில், தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ளதைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேலாகச் சாய்வாகச் சுற்றி, இரண்டு மூன்று வளைவுகள் கொடுக்கவும். முதல் வளைவு மண்ணை ஒட்டியே தொடங்க வேண்டும். மேலே வளைந்து அடியில் குச்சியாக நின்றால் பிறகு சரிசெய்யவே முடியாது.

குழியில் அப்படியே நட்டுவிடக் கூடாது. குழிக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தட்டையான நாட்டு ஓட்டுத் துண்டை வைத்து, அதன்மேல் கன்றை உட்காரவைத்து, வேர்களைச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிலும் விரித்து மண்ணை மூட வேண்டும். ஓடு தடுப்பதால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் ஓடும். போன்சாயை மரமாகக் காட்டுவது இந்தப் பக்க வேர்கள்தான். பிற்பாடு தட்டுக்கு மாற்றும்போது ஆழத்தில் வெட்டவேண்டிய வேலையும் மிச்சம். பழைய ஓடு செட்டிநாட்டில் கிடைக்காத பொருள் அல்ல.

சவுக்கு தனக்குத் தேவையான தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ‘பிராங்கியா’ என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொடுக்கும். கடலை, உளுந்துச் செடிகளின் வேரில் இருப்பது ரைசோபியம், இது வேறு. நர்சரிக் கன்றில் முடிச்சு இல்லாவிட்டால், வளர்ந்த சவுக்குத் தோப்பில் மேல்வேரோடு ஒட்டிய முடிச்சுகளைச் சிறிதளவு எடுத்து, நசுக்கித் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். யூரியா போட வேண்டிய தேவையில்லை.

கம்பி கட்டிய கன்றை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சவுக்கு வேகமாகப் பெருக்கும். கம்பி தோலுக்குள் புதைந்தால் அந்தத் தழும்பு பல ஆண்டுகள் போகாது. புதையத் தொடங்கியதும், சுற்றை அவிழ்க்காமல் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டி எடுக்கவும்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு: பெருக்குவதும் வெட்டுவதும்

கன்று நிலைத்த பிறகு அதன் போக்கில் ஓடவிட வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம். அடியில் இருக்கும் இரண்டு மூன்று சிறு கிளைகளை மட்டும் சாகாமல் காப்பாற்ற வேண்டும். மேலே அடர்ந்தால் நிழலில் கீழ்க்கிளைகள் காய்ந்துவிடும். ஆகவே, நடுவில் உள்ள கிளைகளை அவ்வப்போது கழித்து, அடிக்கு வெயில் படவிட வேண்டும்.

அடித்தண்டு 3 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டு. 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு பச்சைக் கிளைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுக்குக் கீழே பச்சை இருக்க வேண்டும் என்பது எல்லா ஊசியிலை மரங்களுக்கும், சவுக்குக்கும் பொதுவான எச்சரிக்கை. வேம்பு, புளி போன்றவற்றை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். பைன், ஜூனிபர் கிளையில் பச்சை இல்லாத இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் அந்தக் கிளை செத்துவிடும். திடமான சவுக்கு தண்டில் துளிர்க்கும். ஆனால், இளைத்த சவுக்கு பொறுக்காது. பந்தயம் கட்ட வேண்டியதில்லை. ஒரு கிளையை விட்டுவைத்தால் போதும். வெட்டுவாயில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசவும்.

விட்டுவைத்த அந்தக் கிளையைக் கம்பியால் நிமிர்த்தினால் அதுவே புதிய தலைக்கிளை. அதையும் ஓராண்டு ஓடவிட்டு, முதல் தண்டின் கனத்தில் பாதிக்குமேல் வந்ததும் மறுபடி வெட்ட வேண்டும். இப்படி இரண்டு வெட்டில், அடி பெருத்து நுனி சிறுத்த தண்டு கிடைக்கும். கூடவே, ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன்பாக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி வட்டத்தில் பாதிப்பக்க வேரை அறுத்துவிடவும். மறு ஆண்டு மறுபாதி. தூர வேர் அறுந்தால் தண்டருகே சல்லிவேர் பெருகும். இதைச் செய்யாமல் ஒரே நாளில் தோண்டி எடுத்த சவுக்கு பிழைப்பது அரிது.

நான்காம் ஆண்டு: தொட்டி, பிறகு தட்டு

எடுத்து நடுவதற்கு மாசி மாதத் தொடக்கமோ, கோடை மழைக்குப் பிறகு வெயில் தணிந்த ஆவணியோ நல்லது. சித்திரை, வைகாசியில் வேரைத் தொடவே கூடாது. நேராகத் தட்டுக்குப் போகாமல், ஓராண்டு அரை அடி ஆழமுள்ள அகன்ற மண்தொட்டியில் வைத்துப் பழக்க வேண்டும். வேரைக் குறைத்த அளவுக்கு மேலே தழையையும் குறைத்து, இரண்டு வாரம் நிழலில் வைக்கவும்.

தொட்டி மண் கலவைக்கு விலை கொடுத்து வெளிநாட்டுக் களிமண் குருணை வாங்கத் தேவையில்லை. நாட்டு ஓட்டையோ, செட்டிநாட்டில் தாராளமாகக் கிடைக்கும் செம்புறாங்கல்லையோ நொறுக்கி, 3 முதல் 5 மில்லிமீட்டர் குருணையாகச் சலித்து எடுத்தது இரண்டு பங்கு. கழுவிய பருமணல் ஒரு பங்கு. மட்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தூளைக் கட்டாயம் நீக்க வேண்டும். தூள் அடைத்தால் தண்ணீர் தேங்கும், காற்று போகாது, வேர் அழுகும். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே தட்டில் போடுவதுதான் போன்சாய்கள் சாவதற்கு முதல் காரணம். நிலத்தில் நல்ல மண், இரண்டு அங்குலத் தட்டில் செங்கல்லாக இறுகிவிடும்.

தண்ணீர்தான் உயிர்!

‘சவுக்கு வறட்சி தாங்கும், வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும்’ என்று நினைத்து இழப்பவர்கள் அதிகம். நிலத்தில் வறட்சியைத் தாங்குவது, ஆழத்தில் தண்ணீர் தேடிப்போகும் வேர். தட்டில் அந்த வேர் இல்லை. சவுக்கு தட்டில் பெருந்தண்ணீர்க் குடிகாரன். கோடையில் காலை, மாலை இரண்டு வேளை, துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே ஒரு வைகாசி நாள் விட்டுப்போனாலும் நான்கு ஆண்டு உழைப்பு போய்விடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், தொட்டி விளிம்பிலும் வேரடியிலும் வெள்ளை படியும். முற்றத்தில் அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கும் பழக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. அப்படிப் பிடித்த தண்ணீரை மாதம் ஒருமுறை தட்டு நிறைய ஊற்றி உப்பை அலசிவிடலாம்.

வைக்கும் இடம் வெளியேதான். முற்றத்தில் நாலைந்து மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் அங்கே வைக்கலாம். மொட்டை மாடி என்றால், தளத்தில் நேரடியாக வைக்காமல் மேடை அமைத்து வைக்கவும். தளத்தின் சூடு தட்டு வழியாக வேரை வேகவைத்துவிடும். பங்குனி முதல் வைகாசி வரை மதிய வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். விசேஷ நாளில் பட்டாலையில் வைத்து அழகு பார்க்கலாம். மறுநாள் வெளியே போய்விட வேண்டும்.

தொட்டிக்கு மாறிய பிறகு, தொங்கும் சிறுகிளைகளைக் கத்தரியால் 2, 3 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டால் பைன் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். கிளைக்கு அடியில் கீழ்நோக்கி வருபவற்றை முழுவதும் எடுத்துவிடவும். உரமாக மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா போதும். மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு 3 மில்லி வேப்ப எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கவும். தண்டில் மரத்தூளும் எச்சமும் கோத்த வலைபோல் தெரிந்தால், பட்டை தின்னும் புழு உள்ளே இருக்கிறது. வலையை நீக்கி, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட வேண்டும்.

விற்பனைக்கு வரும்போது

20 கன்றில் எல்லாம் தேறாது. தேறியவற்றிலும் நல்ல உருவம் அமைவது சில. அந்தச் சில மரங்களுக்குத்தான் விலை. ஆகவே, குழுவில் ஆளுக்கு நான்கைந்து கன்றாகப் பிரித்துக்கொண்டு, நட்ட தேதி, வெட்டிய தேதி, செலவு மூன்றையும் நோட்டில் எழுதிவர வேண்டும். நாலாம் ஆண்டு முடிவில் ஒரு மரத்துக்கு உண்மையில் என்ன செலவானது என்று கையில் கணக்கு இருக்கும். செட்டிநாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகள் என்று வாங்குவோரைத் தேடும்போது அந்தக் கணக்கை வைத்துத்தான் விலை சொல்ல முடியும். கடன் தேவையா என்பதையும் அப்போது முடிவு செய்துகொள்ளலாம். நடுவில் வருமானம் வேண்டுமென்றால், அதே இடத்தில் பூச்செடி, மூலிகை, கறிவேப்பிலைக் கன்றுகள் உற்பத்தி செய்தால் சில மாதங்களில் காசாகும்.

‘‘சவுக்கு விதையை நாமே எடுத்துக் கன்று உருவாக்க முடியுமா?’’

- வாசகர், தேவகோட்டை.

முடியும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, ஆனால் வாய் திறக்காத காய்களை மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். கீழே விழுந்த காய்களில் விதை இருக்காது. மெல்லிய துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி வெயிலில் காயவைத்தால், சில நாள்களில் காய் வெடித்துச் சிறகுள்ள சிறு விதைகள் உதிரும். காற்றில் பறந்துவிடும் என்பதால்தான் துணி. மணல் கலந்த பாத்தியில் தூவி, மெல்லிய மணலால் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கவும். எறும்புதான் முதல் எதிரி. ஓரிரவில் விதைகளைத் தூக்கிப்போய்விடும். பாத்தியைச் சுற்றி வேப்பம்பிண்ணாக்குத் தூள் தூவிவைக்கலாம். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். விரல் நீளம் வந்ததும் பைகளுக்கு மாற்றலாம். விதையைப் பல மாதங்கள் சேமித்துவைத்தால் முளைப்புத்திறன் குறையும்.

‘‘மரத்தை வளரவிடாமல் குறுக்குவது கொடுமை, வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே... உண்மையா?’’

- வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்.

தண்ணீர் இல்லாமல் தட்டில் காயவிடுவது கொடுமைதான். ஆனால், முறையாகக் கவாத்து செய்வதைக் கொடுமை என்றால், திராட்சைத் தோட்டமும் மல்லிகைத் தோட்டமும் அதில்தான் சேரும். குட்டை மரம் குணத்தில் மாறுவதில்லை; அதன் விதையை நிலத்தில் போட்டால் முழு மரமாகவே வளரும். பராமரிப்பு இருந்தால் ஆயுளும் குறையாது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில், 1625-ம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டுவரும் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தினரின் தோட்டத்தில் இருந்த அந்த மரம், 1945-ல் அணுகுண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலேயே தப்பிப் பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது. கிட்டத்தட்ட 400 ஆண்டுகளாக யாரோ ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்பதுதான் அதன் ரகசியம். வீட்டுக்கு ஆகுமா, ஆகாதா என்பது அவரவர் நம்பிக்கை. மரத்துக்கு வீட்டுக்குள் இருப்பது ஆகாது என்பது மட்டும் நிச்சயம்.

‘‘பூர்வீக வீட்டுச் சுவரில் அரசமரக் கன்று முளைத்திருக்கிறது. வெட்டினாலும் துளிர்க்கிறது. அதை போன்சாய் ஆக்கலாமா?’’

- வாசகர், கானாடுகாத்தான்.

தாராளமாக. ஊசியிலை மரத்துக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்கும் வேலையை, சுவர் உங்களுக்காக ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. இடுக்கில் நெருக்குண்டு வளர்ந்ததால் அடி பெருத்து, உருவமும் வளைந்தே இருக்கும். வெட்டிவிட்டால் மட்டும் அரசும் ஆலும் போகாது. வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளந்து சுவரையே சாய்த்துவிடும். மழைக்காலத்தில் சுவர் நனைந்திருக்கும்போது, உளியால் காரையைச் சுற்றிச் சுரண்டி, முடிந்தவரை வேரோடு எடுக்கவும். இலைகளைக் கழித்துவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் சில வாரங்களில் துளிர்க்கும். அரசு, ஆல் இரண்டும் மொட்டையாக வெட்டினாலும் பிழைக்கும் மரங்கள். பெரிய வேர் சுவருக்குள் தங்கிவிட்டால், கொத்தனாரை வைத்து அந்த இடத்தைத் திறந்து எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையால் மூடுவது அவசியம். சுவரும் தப்பும், உங்களுக்கு ஒரு மரமும் கிடைக்கும்.